கிணற்றடி வேம்பின் வயது

மரத்தின் வயதைக் கண்டுபிடிப்பது என் தொழில். பின்லாந்தில் காட்டு ஆராய்ச்சி செய்கிறேன். நிற்கிற பைன் மரத்தில் கைத்துளைப்பானைத் திருகி, பென்சிலை விட மெல்லிய துண்டு ஒன்றை உருவி எடுப்போம். ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் அதில் ஒரு கோடு விழுந்திருக்கும்; எண்ணினால் வயது. ஊரில் கேட்டால், உலகம் சூடாவதைப் பற்றிப் படிக்கிறேன் என்பேன். அது பொய்யில்லை. ஆனால் நான் இந்தப் படிப்புக்குள் போனது பெரியப்பாவைப் பழிவாங்க.

திருமானூர் பக்கம் எங்கள் வயல். ஓரத்தில் கிணறு, அதை ஒட்டி ஒரு வேப்பமரம். நான் பிறந்த வருஷம் அப்பா நட்டது. எனக்கு ஆறு வயதில் அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது மரமும் கிணறும் எங்கள் பக்கம் வந்தன. எல்லாம் வாய்ப்பேச்சு. அப்பா செத்த கையோடு பெரியப்பா பேச்சை மாற்றினார். பாகம் பிரித்த பிறகு தன் பங்கில் தானே நட்ட மரம் அது, ஆகவே அந்த இடமும் கிணறும் தனக்குத்தான் என்று நாலு பேர் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். அம்மாவுக்காகப் பேச ஒரு நாதியில்லை.

அதற்குப் பிறகு எங்கள் கிணற்றுத் தண்ணீரை அம்மா அவர் வீட்டு வாசலில் நின்று கேட்க வேண்டியதாயிற்று. நாளைக்குப் பார்க்கலாம் என்பார். இங்கே பயிர் காயும். நான் கொதித்தால் அம்மா, "போவுது வுடு" என்பாள். எனக்கு விட மனமில்லை. மரத்துக்குள்ளேயே அதன் வயது இருக்கிறது என்று காலேஜில் ஒரு வாத்தியார் சொன்ன அன்றே முடிவு செய்தேன். அந்த ஆறு வருஷத்தை மரத்தின் வயிற்றிலிருந்து உருவி ஊர் முன்னால் போடுவேன்.

முதல் பனிக்காலத்தில் கையுறைக்குள் விரல் விறைக்கும். பைனைத் திருகும்போதெல்லாம் பெரியப்பாவின் விலாவில் திருகுவதாக நினைத்துக்கொள்வேன். வேலை வேகமாக நடக்கும். நல்ல உழைப்பாளி என்று பேர் வாங்கினேன்.

ஒருநாள் என் பேராசிரியையிடம் வேம்பைப் பற்றிக் கேட்டேன். குளிர் வந்து வளர்ச்சி நின்றால்தான் கோடு தெளிவாக விழும், உங்கள் ஊரில் ஏது குளிர், அந்தக் கோடுகளை நம்ப முடியாது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இருந்தும் ஊருக்குக் கிளம்பும்போது துளைப்பானைப் பெட்டியில் வைத்தேன். வீம்புதான்.

மரத்தில் துளை போட்டுக்கொள்ளலாமா என்று பெரியப்பாவிடமே கேட்டேன். ஆராய்ச்சி என்றதும் அவருக்குப் பெருமை. தோளில் துண்டோடு பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தார். மரத்துண்டை உருவி ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ராவுக்குள் பத்திரப்படுத்தியபோது, எதுக்குப்பா இது என்றார்.

"இத வச்சு மரம் எந்த வருஷம் நட்டதுன்னு சொல்லிடலாம் பெரியப்பா."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெயில் அன்றைக்கு அப்படி ஒன்றும் இல்லை. அந்த ஒரு நொடிக்காகத்தான் அத்தனை பனியையும் தின்றிருந்தேன். இனித்தது.

பின்லாந்துக்குத் திரும்பிப் போய் மரத்துண்டை இழைத்து மெருகேற்றி லென்ஸுக்கு அடியில் வைத்தேன். ஒரு கோடு பாதியில் அழிந்தது, இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, சில இடத்தில் கோடே இல்லை. பலநாள் பார்த்தேன். மரம் எதையும் சொல்லவில்லை.

ஆனால் பெரியப்பா காத்திருந்தார். யார் யாரையோ விட்டு என்னை விசாரித்தார். பிறகு அவரே போன் செய்தார். உடம்பைக் கேட்டார், அங்கே குளிரா என்றார், கடைசியில் குரலை இறக்கி, "அந்த மரம் என்னப்பா சொல்லுச்சு?" என்றார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம், நாளாகும் என்றேன். அந்தப் பருவத்தில் அம்மா கேட்காமலேயே எங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்தது. மோட்டாரை அவரே போட்டுவிட்டாராம்.

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அந்த மரத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, பெரியப்பாவிடம் எத்தனை நாள் மழுப்புவது, சொல்லித் தொலைத்துவிடவா என்று கேட்டேன். மனுஷன் பாதியாக இளைத்துப்போயிருந்தார். பார்த்தபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

அம்மா முறத்திலிருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"சொல்லாத. நான் அந்த வாசல்ல நின்ன அளவுக்கு அவரும் நிக்கட்டும்."