மாமா விட்டுக்கொடுக்காத பெயர்

மாமா லீவில் வரும்போதெல்லாம் ஒரு பிஸ்கட் ரின் கொண்டுவருவார். கடைகளில் விற்பதைப் போல மூடியில் படமோ பூவோ இருக்காது. வெறும் தகர நிறத்தில், சதுரமாக, படை முகாமுக்கே உரிய ஓர் எண்ணெய் வாசனையோடு இருக்கும். அதை மேசையில் வைத்து, மூடியின் மேல் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு என்னைக் கூப்பிடுவார். "செல்லுங்க மகள், நீங்க ஆர்ட புள்ள?" நான் என் பெயரையும் அதன் பின்னால் என் வாப்பாவின் பெயரையும் முழுதாகச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் மூடி திறக்கும். ஒருமுறை, அடுத்த வீட்டுப் பிள்ளைகள் தங்கள் வாப்பாவின் தோளில் தொங்குவதைப் பார்த்த ஆசையில், "உங்கட புள்ள" என்றேன். மாமி அடுப்படியில் இருந்து சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. மூடியில் இருந்து கையை எடுக்காமலே, "இன்னொருக்காச் செல்லுங்க" என்றார். நான் அழுதுகொண்டே வாப்பாவின் பெயரைச் சொன்னேன். அந்த பிஸ்கட்டில் உப்புக் கரித்தது.

அவர் என் உம்மாவின் மூத்த சகோதரர். ஊரில் எல்லாருக்கும் ஆமிக்காரர். வாலிபத்திலேயே படையில் சேர்ந்து, லொறி ஓட்டி, நாட்டின் எல்லாத் தெருக்களையும் பார்த்தவர். என் வாப்பா கரைவலை இழுத்த மனிதர். நான் பால் மறக்கும் முன்னமே காய்ச்சலில் மௌத்தாகிவிட்டார். உம்மாவுக்கும் என் வாப்பாவுக்கும் சம்பந்தம் பேசியவர் மாமாதான். கணவனை இழந்த பெண் வீட்டோடு ஒதுங்கியிருக்கும் இத்தாக் காலம் முடிந்து சில வருடங்களில் உம்மாவை சம்மாந்துறைப் பக்கம் மறுமணம் செய்து கொடுத்தார்கள். பிள்ளையில்லாத மாமாவும் மாமியும் என்னைத் தங்களிடம் வைத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் சொந்தம். ஆண் கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்கு வருவான். அப்படி மாமா வந்து வாழ்ந்த மாமியின் வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். அந்த வீட்டில் எனக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை. ஒன்றைத் தவிர. அவர் என்னை மகள் என்று கூப்பிடுவார். தன்னை வாப்பா என்று கூப்பிட என்னை ஒருநாளும் விட்டதில்லை.

எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காத முதல் பெண் நான். உம்மா ஓதப் போனதோடு நின்றவர். மாமி அதுவும் முழுதாக இல்லை. மாமா மூன்று பாஷை பேசுவார், ஆனால் தமிழில் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். நான் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்திலும் கணக்கிலும் எங்கள் பாடசாலையில் எந்தப் பிள்ளையும் எடுக்காத பெறுபேறு எடுத்தேன். இதைச் சொல்வதில் எனக்கு இன்றைக்கும் கூச்சமில்லை. கஷ்டப்பட்டுப் படித்தேன், எடுத்தேன். ஆனால் அடுத்த உயர்தர வகுப்பில் பெண்பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்க எங்கள் பாடசாலையில் ஆளும் இல்லை, ஆய்வுகூடமும் இல்லை. மட்டக்களப்பில் விடுதியில் நின்று படிக்க வேண்டும். படிப்பு இலவசம்தான். விடுதியும் சாப்பாடும் புத்தகங்களும் இலவசமல்ல. மாமா அப்போது படையில் இருந்து விலகி வந்து பென்சனில் இருந்தார். அந்தப் பென்சன் மாதத்தின் கடைசி வரை வந்து சேராது.

அந்த நேரத்தில்தான் பாண்டிருப்பு மாமா சைக்கிளில் வந்தார். அவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். மாமாவோடு ஒரே லொறிப் பிரிவில் இருந்தவர். தீபாவளிக்குப் பலகாரமும் பெருநாளைக்கு வட்டிலப்பமும் இரண்டு வீட்டுக்கும் நடுவே போய்வரும். அவர் கொண்டுவந்த செய்தி இதுதான்: முழுச் சேவைக்காலமும் முடித்து ஓய்வுபெற்ற படைக்காரரின் பிள்ளைகளுக்கு ஒரு படிப்பு உதவி இருக்கிறது. விடுதி, புத்தகம், உடுப்பு எல்லாம் அதில் அடங்கும். பல்கலைக்கழகம் போனால் அங்கேயும் தொடரும். அவருடைய மகன் ஏற்கெனவே அதில்தான் படித்துக்கொண்டிருந்தான். அவனும் அவர் பெற்ற பிள்ளையல்ல. மனைவியின் அக்காவின் மகன். நீதிமன்றத்துக்குப் போய்த் தத்தெடுத்து, பெயர் மாற்றி வைத்திருந்தார். "மச்சான், ரெண்டு பேரும் ஒண்டா லொறி ஓட்டினம், ஒண்டா நுளம்புக்கடி பட்டம். நுளம்புக்கடிக்கு இப்பதான் நட்டஈடு வருது, எடுத்துக்கொள்" என்றார். மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் அறைக்குள் போய் மட்டக்களப்பு விடுதியில் எந்தப் பக்கக் கட்டில் எனக்குக் கிடைக்கும் என்று நினைக்கத் தொடங்கிவிட்டேன்.

ஒரு காலை மாமாவும் பாண்டிருப்பு மாமாவும் நானும் அந்த உதவிக்கு விண்ணப்பிக்க பஸ் ஏறி அம்பாறைக்குப் போனோம். மாமா வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பியை மடித்துப் பையில் வைத்திருந்தார். பஸ் சம்மாந்துறையைத் தாண்டும்போது உம்மாவின் வீடு இருக்கும் ஒழுங்கையை நான் எட்டிப் பார்த்தேன். மாமா பார்க்கவில்லை. வயல்கள் தொடங்கியதும், விடுதியில் எனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட ஆள் இருக்குமா என்று கேட்டார். நானே வைத்துக்கொள்வேன் என்றேன். "ஓம், அதுவும் படிக்கத்தான் வேணும்" என்றார்.

அலுவலகத்தில் இருந்த அதிகாரி சிங்களவர். வயதானவர். எங்கள் பக்கத்தில் வேலை செய்தபோது கற்ற தமிழை எங்களுக்காக எடுத்து, ஒவ்வொரு சொல்லாக அடுக்கிப் பேசினார். என் பெறுபேற்றைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். எனக்கு ஒரு டொபி தந்தார். மாமாவின் சேவைக் காலத்தைப் பற்றி ஏதோ கேட்டு, சிங்களத்தில் இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, தலை நிமிராமலே கேட்டார்: "இது உங்கட மகள்தானே?"

கேள்வியாகக்கூட அவர் அதைக் கேட்கவில்லை. மாமா தலையை ஆட்டியிருந்தால் போதும். பேசாமல் இருந்திருந்தாலும் போதும். நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அன்று எனக்கு வேண்டியிருந்தது படிப்பு மாத்திரமல்ல. அந்த 'ஓம்' என்ற சொல்லை அவர் வாயால் கேட்க வேண்டும் என்று நான் எத்தனையோ வருடமாகக் காத்திருந்தேன்.

"இல்ல சேர்," என்றார் மாமா. "என்ட தங்கச்சிர மகள். வாப்பா மௌத்து."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். கோபப்படவில்லை. தங்கையின் மகளுக்கு இந்த உதவி கிடையாது என்றும், நீதிமன்றத்தில் தத்தெடுத்த பத்திரம் இருந்தால் பெற்ற பிள்ளைக்குச் சமன் என்றும் சொன்னார். விண்ணப்பம் முடிய இன்னும் காலம் இருக்கிறது, பத்திரத்தோடு வாருங்கள், நான் இடம் வைத்திருக்கிறேன் என்றார். மாமா ஒரே ஒரு கேள்வி கேட்டார். தத்தெடுத்தால் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் வாப்பாவின் பெயர் என்னவாகும்? புதுப் பத்திரம் வரும், அதில் உங்களுடைய பெயர் இருக்கும், பழையது தேவையில்லை என்றார் அதிகாரி, நல்ல செய்தி சொல்கிறவரைப் போல.

திரும்பி வரும் பஸ்ஸில் பாண்டிருப்பு மாமா சண்டை பிடித்தார். "உனக்கென்ன விசரா மச்சான்? செத்த மனிசன் வந்து பேரக் கேக்கப் போறானா? ஒரு கடதாசி. அதக் குடுத்திட்டுப் புள்ளைய டொக்டராக்கு." மாமா வயலையே பார்த்துக்கொண்டு வந்தார். பெற்ற தகப்பனின் பெயரால்தான் பிள்ளையைக் கூப்பிட வேண்டும் என்பது எங்கள் மார்க்கம். அது பாண்டிருப்பு மாமாவுக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஊரிலேயே வளர்ப்புப் பிள்ளைக்குத் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டவர்கள் இருந்தார்கள். மார்க்கம் தெரிந்த பெரியவர் ஒருவரும் மாமாவிடம் வந்து, படிப்புக்காக ஒரு அரசாங்கக் கடதாசிதானே, வீட்டில் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாமே என்றார். மாமி மூன்று நாள் மாமாவோடு கதைக்கவில்லை. சோற்றை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். கடைசியில் மாமா வாயைத் திறந்தது மாமியிடம்தான். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"அவன் ஒரு வளவும் விட்டுட்டுப் போகல்ல. ஒரு தோணியும் இல்ல. இந்தப் புள்ளைக்குப் பின்னால இரிக்கிற பேர் மட்டுந்தான் அவன்ட. அதையும் நான் எடுக்கவா?"

மறுநாள் காலை மாமி வழக்கம்போலத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். விண்ணப்பக் காலம் முடிந்தது.

மாமா சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பென்சன்காரர் மறுபடி வேலைக்குப் போனார். நாவிதன்வெளிப் பக்கம் அறுவடை நேரம் ஒரு நெல் ஆலையின் லொறியை ஓட்டினார். வீட்டுக்கு வரும்போது காதுக்குள்ளும் புருவத்திலும் நெல் தூசு இருக்கும். ஒரு போகம் முழுவதும் ஓட்டினார். அடுத்த போகத்துக்கு முன் கண்ணில் படலம் விழுந்து, எதிரே வரும் மாட்டு வண்டியைப் பக்கத்தில் வந்த பிறகே கண்டார். ஆலைக்காரர் மரியாதையாகவே சாவியை வாங்கிக்கொண்டார். நான் எங்கள் பாடசாலையிலேயே கலைப் பிரிவில் சேர்ந்தேன். பாண்டிருப்பு மாமாவின் மகன் பேராதனைக்குப் போய்ப் பொறியியலாளரானான். லீவுக்கு வரும்போது எனக்குப் பழைய புத்தகங்கள் கொண்டுவந்து தருவான். அவற்றில் பௌதிகப் புத்தகங்களும் இருந்தன. முதல் பாடத்தைத் திறந்து, கணக்குகளை நானே செய்து பார்த்தேன். இரண்டாம் பாடத்தில் ஆய்வுகூடத்தில் செய்து பார்க்கச் சொல்லியிருந்தது. அதோடு மூடிவிட்டேன்.

வீட்டில் இருந்தே படித்துக் கலைப் பட்டம் எடுத்து, நான் ஆசிரியையானேன். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது மாமி தன் வீட்டை என் பெயரில் சீதனமாக எழுதிக் கொடுத்தார். அவர் அதற்கு யாரிடமும் யோசனை கேட்கவில்லை. மகளுக்குத்தானே வீடு என்றார், அவ்வளவுதான். மாமியால் வீட்டையே கொடுத்துவிட முடிந்தது. நிக்காஹ்வுக்கோ பெண்ணைக் கையளிக்க வலிகாரர் ஒருவர் வேண்டும். வாப்பா இல்லாவிட்டால் வாப்பாவின் வழியில் வந்த ஆண்தான் அந்த இடத்தில் இருக்கலாம். உம்மாவின் சகோதரனுக்கு அந்த உரிமை இல்லை. பொத்துவில் பக்கம் இருந்த வாப்பாவின் தம்பியை, என் சாச்சாவை, நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. பெருநாளைக்கு ஒரு சீலை அனுப்பியவரல்ல. அவரைத் தேடி, அந்த மங்கிய கண்ணோடு, யுத்தம் நடந்த பிரச்சினையான காலத்தில் பஸ் மாறி மாறிப் போய்க் கூட்டி வந்தவர் மாமா. அவருக்குச் சாரமும் சட்டையும் வாங்கிக் கொடுத்தவரும் மாமா.

உள் அறையில் பெண்களுக்கு நடுவே நான் இருந்தேன். வெளியே நிக்காஹ் சொல்லும் சத்தம் கேட்டது. என் பெயரும், இன்னாரின் மகள் என்று என் வாப்பாவின் பெயரும், சபை முழுவதும் கேட்கும்படி சொல்லப்பட்டன. வலை இழுத்து, காய்ச்சலில் போன ஒரு மனிதரின் பெயரை அத்தனை பேர் ஒரே நேரத்தில் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன். சாச்சா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சபையின் நடுவில் இருந்தார். மாமா பந்தல் வாசலில், பிந்தி வந்தவர்களுக்கு வழி விட்டுக்கொண்டு நின்றார். அவர் எதைக் காத்து வைத்திருந்தார் என்பது அன்று எனக்கு விளங்கியது. விளங்கியதால் ஆறிவிடவில்லை. நடுவில் இருந்திருக்க வேண்டியவர் வாசலில் நின்றார். படித்திருக்க வேண்டியதை நான் படிக்கவில்லை. யாராவது அன்று அம்பாறையில் என்னிடம் கேட்டிருந்தால், நான் அந்தப் பெயரைக் கொடுத்திருப்பேன். வாப்பா என்னை மன்னித்திருப்பார் என்றே இன்றும் நினைக்கிறேன்.

மாமா அடுத்த நோன்புக்கு இருக்கவில்லை. அவருடைய பென்சனை மாமிக்கு மாற்ற வேண்டிய அலுவலாக, ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த கிராம சேவகர் வீட்டுக்கு வந்தார். இத்தாவில் இருந்த மாமி அறை வாசலில் தொங்கிய சீலைக்குப் பின்னால் இருந்து பதில் சொன்னார். பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டார் கிராம சேவகர்.

"இல்ல," என்றார் மாமி.

நான் தேத்தண்ணியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் என்னையும், சுவரில் இருந்த என் பட்டமளிப்புப் படத்தில் எனக்குப் பக்கத்தில் நின்ற மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இவ ஆரு?"



"எங்கட மகள்தான்," என்றார் மாமி. "ஆனா அத நீங்க எழுத வேணாம். அவருக்கு விருப்பமில்ல."