நாயனக்காரரின் கோணல் பல்

என் கிளினிக்கில், கை கழுவும் தொட்டிக்கு மேலே உள்ள அலமாரியில், ஒரு பல் அச்சு இருக்கிறது. பிளாஸ்டரில் வார்த்த மேல்வரிசை. முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. அதற்கு இடப்பக்கத்துப் பல், கூட்டத்தில் எட்டிப் பார்ப்பவரைப் போல வெளியே துருத்திக்கொண்டிருக்கும். வேலை முடிந்ததும் அச்சுகளைத் தூக்கிப் போட்டுவிடுவதுதான் வழக்கம். இல்லாவிட்டால் செஞ்சி வட்டாரத்து வாய்களெல்லாம் என் அலமாரியில்தான் குடியிருக்கும். இதை மட்டும் வைத்திருக்கிறேன். என்றாவது ஒரு நாள் இதன் சொந்தக்காரர் வந்து கேட்பார் என்று நினைத்தேன்.

அவர் சிங்கவரத்துக்காரர். நாயனக்காரர் என்றால்தான் ஊரில் தெரியும். முதன்முதலில் வந்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். சர்க்கரை நோயில் ஈறு கெட்டு, மேல்வரிசை மொத்தமும் ஆடிக்கொண்டிருந்தது. எடுத்தே ஆக வேண்டும் என்றேன். பல் எடுக்க வேண்டும் என்றால் எல்லோரும் கேட்பது வலிக்குமா என்றுதான். அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "பல்லு போனா போவட்டும் டாக்டரம்மா. நாயனம் வாசிக்க முடியுமா?" என்றார். பல் செட் கட்டிக்கொண்டால் முடியும் என்றேன். அப்படித்தான் நானும் நம்பினேன்.

பற்களை எடுக்கும் முன் அச்சு எடுத்துக்கொண்டேன். பழைய மாதிரியே வைக்கவா, நேராக வைக்கவா என்று கேட்டதற்கு வெட்கப்பட்டார். அந்தக் கோணல் பல்லுக்காகச் சிறு வயதிலிருந்தே கேலி கேட்டவர். போட்டோவில் வாயைத் திறந்ததே இல்லையாம். "நேராவே வச்சிருங்க" என்றார். ஈறு ஆறிய பிறகு செட்டை மாட்டிக் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். புது மாப்பிள்ளை போல இப்படியும் அப்படியும் சிரித்துப் பார்த்தார். பிறகு பையிலிருந்து நாயனத்தை எடுத்தார்.

வந்த சத்தத்தை நாயனம் என்று சொல்ல முடியாது. பிரேக் பிடிக்கும் டவுன் பஸ் கொஞ்சம் நெருங்கி வரும். வெளியே காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நாயனத்தின் நுனியில் சீவாளி என்று நாணலில் செய்த ஒரு சிறு துண்டு இருக்கும். அதை உதட்டால்தான் பிடிக்க வேண்டும். உதட்டுக்குப் பின்னால் பல் முட்டுக் கொடுக்க வேண்டும். அவருடைய உதடு அத்தனை வருஷமும் அந்தக் கோணல் பல்லில் சாய்ந்தே பழகிவிட்டது. இப்போது சாய்ந்துகொள்ள அது இல்லை, காற்று கண்டபடி ஓடியது.

"அச்சு பத்திரமா இருக்குது ஐயா. கோணலாவே வேற செட் பண்ணித் தரேன்" என்றேன். அவர் யோசித்தார். ஈறு இப்படியே இருக்குமா என்று கேட்டார். மெல்ல மெல்லச் சுருங்கும், சில வருஷத்துக்கு ஒரு தடவை செட்டை மாற்றத்தான் வேண்டும் என்றேன்.

"அப்ப ஒவ்வொரு தபாவும் இதே கூத்துதான். வாணாம்மா. பல்லே இல்லாம வாசிக்கக் கத்துக்கறேன். ஈறு மெதுவாத்தான சுருங்கும், உதடும் கூடவே போயிக்கும்."

மனக்கஷ்டத்தில் ஏதோ பேசுகிறார் என்று விட்டுவிட்டேன்.

காலையில் கோட்டை அடிவாரத்தில் நடக்கப் போவது என் வழக்கம். ஒரு நாள் செட்டிக்குளத்துப் பக்கம் போகும்போது அந்த பஸ் பிரேக் சத்தம் கேட்டது. படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செல்போன் சுருதி போட்டுக்கொண்டிருந்தது. செட் சட்டைப் பையில் இருந்தது. கையில் நாயனம்கூட இல்லை, வெறும் சீவாளிதான். வீட்டில் ஊதினால் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது என்று மனைவி விரட்டிவிட்டாராம். அதனால் சைக்கிளை மிதித்துக்கொண்டு இங்கே வருகிறார்.

பல வாரம் சீவாளியோடே போயிற்று. பிறகு நாயனம் வந்தது, அதிலும் மூச்சு முடியும் வரை ஒரே சுரம். அதற்கப்புறம் சரளி வரிசை, பாட்டு வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் முதலில் பாடும் பாடம். விடிய விடிய ராகம் வாசித்த மனிதர் ஸரிகமவில் தடுக்கி விழுந்தார். விழுந்த இடத்திலிருந்து மறுபடி ஸவுக்குப் போனார். கோட்டை பார்க்க வந்த காலேஜ் பையன்களில் ஒருவன், "இன்னாண்ணே, இப்பத்தான் கத்துக்கிறீங்களா?" என்று கிண்டலாகக் கேட்டான். "ஆமாப்பா, இப்பத்தான்" என்றார். கோபமும் இல்லை, தன்னடக்கமும் இல்லை, உள்ளதைச் சொன்னார். தெரியாததைக் கற்றுக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கரைத்துக் குடித்த ஒன்றை முதலிலிருந்து கற்க உட்காரும் தைரியத்தை நான் அதுவரை கண்டதில்லை. என்னால் ஆகாது.

அந்த நாட்களில் அவர் ஒரு முகூர்த்தமும் ஒப்புக்கொள்ளவில்லை. "என்னத் திட்டுனா பரவால்ல. தாலி கட்ற நேரத்துல பிசிறு தட்டுனா அந்தப் பொண்ணு ஆயுசுக்கும் அதையே நெனச்சிக்கினு இருக்கும்" என்றார். தை மாதம் வரை பார்ப்பதாகவும், அதற்குள் வராவிட்டால் நாயனத்தை உறையில் போட்டுக் கட்டிவிடப் போவதாகவும் சொன்னார். அதைச் சொன்னபோது மட்டும் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தையில் என் கிளினிக்கில் வேலை செய்யும் அக்காவின் மகளுக்குக் கல்யாணம். தன் கல்யாணத்துக்கு வாசித்தவர்தான் மகளுக்கும் வாசிக்க வேண்டும் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றார். அவர் எவ்வளவோ மறுத்துப் பார்த்தார், அக்காவிடம் நடக்கவில்லை.

ஐயர் கையை உயர்த்தினார். மண்டபமே மணமேடையைப் பார்க்க, நான் ஒருத்தி மட்டும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல் உதடு வெறும் ஈறின்மேல் மடிந்து சீவாளியைக் கவ்வியது. தவில் இடித்தது. அதற்கு மேலே நாயனம் ஏறி, ஏறிய இடத்தில் நின்றது. ஒரு பிசிறு இல்லை. பழைய வாசிப்பைக் கேட்டவர்கள், இப்போது கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது என்றார்கள். எனக்கு ஒப்பிடத் தெரியாது, எனக்குத் தெரிந்தது வாய் மட்டும்தான். அந்த வாயால் அந்தச் சத்தம் வர வழியே இல்லை என்று என் படிப்பு சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர் முட்ட நின்றேன். மூன்றாவது முடிச்சு விழுந்ததும் அவர் சீவாளியைத் துடைத்தார். சுவர்ப்பக்கம் திரும்பிப் பையிலிருந்த செட்டை மாட்டிக்கொண்டு, போட்டோக்காரரைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார்.

இது நடந்து சில வருஷமாகிறது. ஈறு நான் சொன்னபடியே சுருங்கியது, செட்டையும் மாற்றிக் கொடுத்தேன். வாசிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. போன மாதம் மனைவியைப் பல்வலி என்று அழைத்து வந்தார். நான் அந்த அம்மாவின் வாய்க்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றுகொண்டிருந்தவர் அலமாரியை அண்ணாந்து பார்த்தார்.

"யாருது டாக்டரம்மா இது? இன்னா இவ்ளோ கோணலா இருக்குது, பாவம்."

வாயைத் திறந்தபடி பேச முடியாமல் கிடந்த அந்த அம்மா, கையை மட்டும் தூக்கி அவரையே சுட்டிக் காட்டினார்.

நான் அச்சை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். துருத்திய பல்லைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவினார். "அடேங்கப்பா, எனக்கு மறந்தே போச்சும்மா" என்று சொல்லிவிட்டு, எடுத்த இடத்திலேயே அதை வைத்தார்.