முடிவு வருடம் இல்லாத ஆயர்

இராஜேஸ்வரி எந்த வேலையையும் அரைகுறையாக விடமாட்டாள். அவளுடைய நல்ல குணமும் அதுதான், கெட்ட குணமும் அதுதான். ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் சுவீடன்காரருக்கு ஒரு சின்னத் தேவாலயம் இருக்கிறது. அங்கே கூட்டவும் துடைக்கவும் கோப்பிக் கோப்பைகளைக் கழுவவும்தான் அவளை வேலைக்கு எடுத்தார்கள். இவளோ ஒருவரும் கேட்காமல் யன்னல் சீலைகளைக் கழற்றித் தோய்த்தாள், பியானோவை நகர்த்தி அதன் அடியையும் துடைத்தாள். வீட்டில் பிள்ளையாருக்கு விளக்கு வைப்பவள் வேதக்காரரின் கோயிலை இப்படித் துலக்குகிறாளே என்று சொந்தக்காரர் பகிடி பண்ணினால், "கோயில் எண்டால் கோயில்தானே" என்று வாயை அடைத்துவிடுவாள்.

தேவாலய மண்டபத்துச் சுவரில் ஆளுயரக் கறுப்பு மரப்பலகை ஒன்று. அதில் வரிசை வரிசையாகப் பித்தளைத் தகடுகள். அந்தச் சபையின் மூத்தவர்கள் சுவீடனில் விட்டுவந்த பழைய மறைமாவட்டத்தின் ஆயர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள், எண்ணூறு வருடத்து ஆட்கள். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு பெயர், பதவிக்கு வந்த வருடம், ஒரு கோடு, முடிந்த வருடம். வெள்ளிக்கிழமைகளில் இராஜேஸ்வரி அவற்றைத் துலக்குவாள். பெயர்கள் அவள் நாக்குக்கு அடங்கவில்லை. எண்கள் அடங்கின. ஒருவர் முடிந்த வருடத்தில் அடுத்தவர் தொடங்குவார், அது அவளுக்குப் பிடித்திருந்தது.

இருபத்திமூன்றாவது தகடு மட்டும் கண்ணுக்குள் துரும்பாகக் கிடந்தது. 1611, ஒரு கோடு, அதற்குப் பிறகு வெறும் பித்தளை. அடுத்த ஆயர் 1619இல் வருகிறார். தகடு வெட்டினவன் தேத்தண்ணி குடிக்கப் போய் மறந்துவிட்டான் என்று ஆறு வருடமாக அவனை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள்.

2009 ஏப்ரலில் அந்த மறைமாவட்டத்துக்குப் புதிய ஆயர் வந்தார். பழையவரின் தகட்டில் முடிந்த வருடத்தை வெட்ட வேண்டும், புதியவருக்குத் தகடு செய்ய வேண்டும். இராஜேஸ்வரி போகிற பஸ் பாதையில் விளையாட்டுக் கழகங்களுக்குக் கிண்ணம் செய்து பெயர் வெட்டிக்கொடுக்கும் தமிழ்க் கடை ஒன்று இருந்தது. அதனால் போதகர் வேரோனிக்கா அந்த வேலையை அவளிடமே கொடுத்தார். ஒரு தகட்டைக் கழற்றச் சொன்னால் இவள் இரண்டைக் கழற்றினாள். "உதிலையும் 1619 எண்டு வெட்டிவிடுங்கோ தம்பி. கனகாலமாக் குறையாக் கிடக்குது" என்று கடைக்காரனிடம் சொன்னாள்.

அந்த மாதம் அவளால் கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. அவளுடைய கணவர் தில்லைநாதன் வன்னியில் பள்ளிக்கூட அதிபர். பத்து வருடத்துக்கு முன்னர் இராஜேஸ்வரி ஆறு வயது நிலாணியோடு கனடாவுக்கு வந்தபோது, "இந்த வருசப் பிள்ளையளின்ர சோதினை முடியட்டும், வாறன்" என்றார். அடுத்த வருடமும் பிள்ளைகள் சோதினை எழுதினார்கள். அதற்கடுத்த வருடமும் எழுதினார்கள். ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லாரும் பாஸ் பண்ணட்டும், என்ர பிள்ளை தகப்பன் முகம் தெரியாமல் வளரட்டும் என்று அவள் தொலைபேசியில் சண்டை பிடித்ததும் உண்டு. ஏப்ரல் இருபதாம் திகதி கடைசியாகப் பேசினார். இரைச்சலுக்குள் "நிலாணிக்கு எப்ப சோதினை?" என்று கேட்டது மட்டும் விளங்கியது. பிறகு தொடர்பு அறுந்துவிட்டது.

நிலாணி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, வன்னியில் சண்டையை நிறுத்தச் சொல்லி யூனிவர்சிட்டி அவெனியூவில் பதாகையோடு நின்றாள். மே பதினெட்டில் சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். ரொறன்ரோவில் தமிழர் வீடுகளில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை.

மே கடைசி வெள்ளிக்கிழமை, சபையின் மூப்பர் சீமோன் பலகைக்கு முன்னால் நின்றார். எண்பது கடந்த மனிதர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். இருபத்திமூன்றாவது தகட்டில் விரலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"இவர் முடிந்துபோனார் என்று உனக்கு யார் சொன்னது?"

இராஜேஸ்வரி கையில் துணியோடு நின்றாள். அடுத்தவர் 1619இல் வந்தாரே, அதனால்தான், என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள்.

சீமோன் கதிரையில் உட்கார்ந்தார். அந்த ஆயரைப் போர்க்காலத்தில் பட்டாளம் கூட்டிக்கொண்டு போனது, ஆள் திரும்பி வரவில்லை, செத்தார் என்று ஒரு கடிதமும் வரவில்லை என்றார். எட்டு வருடம் அவருடைய ஆசனத்தை வெறுமையாக வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆயர் என்று அவர் பெயரைச் சொல்லியே செபித்தார்கள். கடைசியில் மேலிடம் வேறொருவரை அனுப்பியது, ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் முடிவு வருடம் எழுத மட்டும் விடவில்லை. "அடுத்தவர் வந்தது அடுத்தவருடைய கதை. இவருடைய கதையை ஒருவரும் வந்து சொல்லவில்லையே" என்றார் சீமோன்.

வெட்டின பித்தளையை அழிக்க ஏலாது. புதுத் தகடு செய்வோம் என்று வேரோனிக்கா ஆறுதல் சொன்னார். இராஜேஸ்வரிக்கு ஆறவில்லை. துப்புரவு என்ற பெயரில் ஒரு மனிசனைக் கொன்றுபோட்டேனே என்று பஸ்ஸில் வாய்விட்டு அழுதாள்.

யூன் முதல் ஞாயிறு பிற்பகலில், தில்லைநாதனின் தம்பி இரத்தினவேல் வந்தான். பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் வேலை. வந்தால் வீடு அதிரப் பேசுகிறவன், அன்றைக்குச் சப்பாத்தைக் கழற்றவே நெடுநேரம் எடுத்தான். பிறகு ஒரு அட்டையை மேசையில் வைத்தான். அச்சுக்குப் போகமுன்னர் சரி பார்க்கிற நினைவு அட்டை. கழுத்துப்பட்டி கட்டிய தில்லைநாதன் சிரித்துக்கொண்டிருந்தார். தோற்றம் 03.02.1955. மறைவு 15.05.2009.

"முப்பத்தொண்டாம் நாள் கிரியை செய்யவேணும் மச்சாள். நீங்கள் ஓம் எண்டால் அடிக்கக் குடுக்கலாம்."

இராஜேஸ்வரியின் கை தன்னையறியாமல் நெற்றிப் பொட்டுக்குப் போய்வந்தது. சீமோனின் முகம் ஞாபகம் வந்தது. இந்த முறை தவறு விடமாட்டேன் என்று நினைத்தாள்.

"ஆர் தம்பி உங்களுக்குச் சொன்னது?"

"மச்சாள்..."

"ஆரும் வந்து சொன்னவையே? கடிதம் வந்ததே? அகதிக் காம்பிலை இருக்கிறாரோ, காயப்பட்டுக் கிடக்கிறாரோ தெரியாது. அதுக்குள்ள என்ன அவசரம்? ஆளைக் காணேல்லை எண்டவை எல்லாம் பதினெட்டெண்டு போடுகினம், சண்டை முடிஞ்ச நாள் எண்டு. நீங்கள் பதினைஞ்சாம். உங்கட எண்ணத்துக்கு ஒரு திகதியோ?"

இரத்தினவேல் நிலத்தைப் பார்த்தான். நிலாணிதான் முதலில் விளங்கிக்கொண்டாள். "சித்தப்பா, ஏன் பதினைஞ்சு?" என்று கேட்டாள்.

"அண்ணையோட படிப்பிச்ச வாத்தியார் ஒராள் காம்பிலையிருந்து ரெலிபோன் எடுத்தவர்" என்றான். "அவரும் இன்னும் ரெண்டு பேரும்தானாம் கிடங்கு வெட்டித் தாட்டது. பின்னேரம் நாலு மணியாம்."

"எப்ப எடுத்தவர்?" என்றாள் இராஜேஸ்வரி.

"இருபத்திரண்டாம் திகதி."

"ரெண்டு கிழமைக்கு மேலை! ஏன் சொல்லேல்லை?"

"அந்தச் சொல்லு என்ர வாயால வரேல்லை மச்சாள். பிறம்ரனிலிருந்து எத்தினை தரம் வெளிக்கிட்டு, பாதியில திரும்பியிருக்கிறன். அட்டையில பாத்து நீங்களே விளங்கிக்கொள்ளட்டும் எண்டு..." அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது.

இராஜேஸ்வரி கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. அந்தக் கேள்வியைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. நிலாணி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "அப்பா, அப்பா" என்று கத்தினாள். மகளின் முதுகைத் தடவியபடியே, அட்டையை இரத்தினவேலின் பக்கம் தள்ளினாள்.

"திகதி சரி. அடிக்கக் குடுங்கோ" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குப் போனாள். வேண்டாம் என்று வேரோனிக்கா சொல்லியும் கேட்கவில்லை. புதுத் தகட்டைத் தானே திருகாணி போட்டுப் பூட்டினாள். 1611, ஒரு கோடு, பிறகு வெறும் பித்தளை. அந்த வெறும் இடத்தைத் துணியால் நெடுநேரம் துடைத்தாள். அந்த ஊர்ச் சனத்துக்கு எட்டு வருடம் கிடைத்திருந்தது. அவளுக்கு இரண்டு கிழமை கிடைத்தது, அதுவும் ஒரு கோழைத் தம்பி வாய் திறக்காததால் கிடைத்தது. அந்த இரண்டு கிழமையும் தினமும் விடிய எழும்பி, இன்றைக்கு எடுப்பார் என்று தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்து தேத்தண்ணி குடித்திருக்கிறாள். இரத்தினவேலோடு கோபித்துக்கொள்ள அவளால் முடியவில்லை.

பிறகு வாளியை எடுத்துக்கொண்டு கோப்பைகளைக் கழுவப் போனாள்.