ஞாயிற்றுக்கிழமை வாசனை

அந்த முதியோர் இல்லத்தில் ஆண்கள் வார்டைப் பார்த்துக்கொள்கிறவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்துமூன்று வயதில் எண்பது வயதுத் தம்பிகள் வாய்த்தது தன் தலையெழுத்து என்பாள். வாய் பொல்லாதது, கை சுத்தம். பத்தொன்பது வருடமாக ஈர விரிப்பை உருவுவதும், உடம்பைத் துடைப்பதும், புது விரிப்பைப் போட்டு மூலை மடக்குவதும்தான் பிழைப்பு. புருஷன் என்றைக்கோ இன்னொருத்தியோடு போய்விட்டான். "போனவன் அவன் போர்வையையும் எடுத்துட்டுப் போயிருந்தா எனக்குத் துவைக்கிற வேலை மிச்சமாயிருக்கும்" என்பதோடு அந்தக் கதை முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் வந்து பார்க்கிற நாள். அன்று காலை திரைச்சீலை, தலையணை என்று எல்லாவற்றிலும் அக்கா பாட்டிலில் வரும் லாவெண்டர் வாசனையை அடிப்பாள். ஆபீசில் கேட்டால், மனசுக்கு இதம் என்பார்கள். இதமாவது ஒன்றாவது! வருகிறவர்களின் மூக்கில் மூத்திர வாடை ஏறக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். வார்டில் இருந்த எட்டுப் பேரும் அதை வேறு மாதிரிப் புரிந்து வைத்திருந்தார்கள். வாசனை வந்தால் ஆள் வருகிறது. உடனே சீப்பைத் தேடுவார்கள்.

அதில் டிரைவர் ரொம்ப மோசம். நாற்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதருக்கு இப்போது இரண்டு கண்ணும் அவிந்துவிட்டது. ஞாபகமும் போய்க்கொண்டிருந்தது. இன்று செவ்வாய் என்று சொன்னால் தலையாட்டிவிட்டு ஐந்து நிமிடத்தில் மறுபடி கேட்பார். ஆனால் லாவெண்டர் மூக்கில் பட்டதோ இல்லையோ, நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். "கண்டக்டரே, சவரம் பண்ணி விடு. பொண்ணு வருது." அக்காவை அவர் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரே மகள். மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில் மேனேஜரம்மா மண்ணை வாரிப் போட்டாள். ஏதோ பயிற்சிக் கூட்டத்துக்குப் போய்வந்தவள், லாவெண்டர் படபடப்பைக் குறைக்கும், தூக்கம் வரவைக்கும் என்று அட்டைப்பெட்டி நிறைய பாட்டில்களோடு வந்து இறங்கினாள். இனிமேல் தினமும் மதியச் சாப்பாடு ஆனதும் அடிக்க வேண்டுமாம், கிழவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்களாம்.

தூங்கினார்களா? எட்டுப் பேரும் எட்டுக் கட்டிலில் விறைப்பாக உட்கார்ந்தார்கள். டிரைவர் சட்டைப் பித்தான் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, வாசல் பக்கம் முகத்தைத் திருப்பியபடி ஆறு மணிவரை அசையவில்லை. "வழியில எதாச்சும் ஆயிருக்குமோ?" என்று கேட்டுக் கேட்டு அழுதார். மறுநாளும் அதே சட்டை, அதே அழுகை. நேற்று அழுததுதான் அவருக்கு ஞாபகமில்லையே.

அக்கா ஆபீசுக்குள் போய் நின்றாள். "மேடம், அந்த வாசனை வேணாம். மக வருதுன்னு நெனச்சு அந்த மனுஷன் தெனமும் சாகறாரு."

"நீங்க என்ன டாக்டராக்கா?"

"டாக்டர் இல்ல மேடம். தெனமும் அவரு கண்ணத் தொடச்சு விடறவ."

மேனேஜரம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அக்காவும் அதற்குமேல் வாதாடவில்லை. அசலை ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒளித்து வைத்துவிட்டு, மற்ற நாட்களுக்குக் குழாய்த் தண்ணீரை நிரப்பி அடித்தாள். எட்டுப் பேரும் கட்டையாகத் தூங்கினார்கள். வந்து எட்டிப் பார்த்த மேனேஜரம்மாவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. தன் அறையில் நாள் முழுக்க லாவெண்டர் எண்ணெயைச் சூடுபண்ணி வைத்து அவளுக்கு மூக்கே மரத்துப்போயிருந்தது.

மூன்றாவது வாரம், புதன்கிழமை. அக்கா பின்பக்கத்தில் விரிப்புகளைக் காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தாள். மேனேஜரம்மா பல்லெல்லாம் தெரிய நின்றாள்.

"டிரைவரோட பொண்ணு வந்திருந்தாங்கக்கா. வெளிநாட்டுல வேலை கெடச்சிருக்காம், இன்னைக்கே கெளம்பறாங்களாம், திரும்பி வர ரெண்டு வருஷம் ஆகுமாம். சொல்லிட்டுப் போலாம்னு வந்தாங்க. இருபது நிமிஷம் அப்பா மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. எழுப்பட்டுமான்னு கேட்டாங்க. நாந்தான் வேணாம்னுட்டேன், மாத்திரை இல்லாம இவ்வளவு அழகாத் தூங்கறாரே! அவங்களுக்கு எவ்ளோ நிம்மதி தெரியுமா?"

அக்கா போட்டது போட்டபடி வாசல் கேட்டுக்கு ஓடினாள். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. 'உன் வாசனையில் இடி விழ' என்று மேனேஜரம்மாவைத் திட்ட வாயெடுத்தவளுக்கு அப்போதுதான் சுருக்கென்றது. சொன்னபடி அடித்திருந்தால் அந்த மனிதர் சட்டை போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். தூங்க வைத்தது யார்? "பாவி, நானேதான்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு வருடம் தாங்குகிற உடம்பா அது?

வார்டுக்கு வந்தபோது டிரைவர் விழித்திருந்தார். கட்டிலோரத்தில் ஒரு பையில் ஆரஞ்சுப் பழங்கள். கை அதைத் தடவிக்கொண்டிருந்தது.

"கண்டக்டரே, இது யாரு வெச்சது? யாராச்சும் வந்தாங்களா?"

சொன்னால் அழுவார். நாளைக்கு, அழுததையும் மறந்துபோய் மறுபடி காத்திருப்பார்.

"யாரும் வரலய்யா. ஆபீஸ்ல எல்லாருக்கும் குடுத்தாங்க."

டிரைவர் பெரிதாக மூச்சு விட்டார். முகம் தெளிந்துவிட்டது.

"நல்லவேள. பொண்ணு வந்து, நாம்பாட்டுக்குத் தூங்கிட்டனோன்னு ஒரு நிமிஷம் பயந்தே போயிட்டேன்" என்று ஒரு பழத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.