டீச்சர் வீட்டு வியாழக்கிழமை

செஞ்சியில் ஞானசௌந்தரியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அங்கன்வாடியில் வேலை பார்ப்பதால் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். கணவர் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கியவர். மகன் அன்புச்செல்வன் இரண்டாம் வகுப்பு படிக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அதன்பிறகு டீச்சருக்கு மகன்தான் உலகம்.

சபையில் புதிதாக வந்த போதகர் வீட்டுக் குழுக்களை ஆரம்பித்தபோது, பெண்கள் குழு ஒன்றை டீச்சர் வீட்டில் வைக்கச் சொன்னார். வியாழக்கிழமை சாயந்தரம் கூடுவார்கள். வேதத்தில் ஒரு பகுதியைப் படித்து, பாடத்தாளில் இருக்கும் கேள்வியைப் பற்றிப் பேசி, ஒருவருக்காக ஒருவர் ஜெபம் செய்துவிட்டுக் கிளம்புவார்கள். அந்த வருடத்துப் பாடத்துக்கு ‘வாழ்க்கை மாறும்போது’ என்று தலைப்பு. கல்யாணம், ஓய்வு பெறுவது, பிள்ளைகள் பிரிந்து போவது, துணையை இழப்பது என்று ஒவ்வொன்றாக வரும்.

டீச்சருக்கு இந்த வேலை நன்றாக வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் போண்டா கடை வைத்திருக்கும் மீனம்பாள், வாயைத் திறந்தால் மூடாதவள், அங்கே வந்தால் மற்றவர்கள் பேசுவதையும் கேட்டாள். தையல் வேலை செய்யும் வளர்மதி ஒரு நாள் அழுதுகொண்டே வந்தாள். அவள் கணவன் குவைத்திலிருந்து நிரந்தரமாகத் திரும்பியிருந்தான்.

“ஃபேன் போட்டா ஏன் போட்டன்றாரு. யாராச்சும் போன் பண்ணா யாருன்றாரு. இத்தினி வருசம் நானே பாத்துக்கிட்ட வீடு டீச்சர் இது.”

“லீவுல விருந்தாளி மாதிரி வந்து போனவரு. இப்பதான் வீட்டுக்கே வந்திருக்காரு. கொஞ்சம் நகுந்து இடம் குடும்மா” என்றார் டீச்சர்.

வளர்மதி இடம் கொடுத்தாள். கணவனை மளிகைக்கு அனுப்பினாள், கரண்ட் பில்லைக் கட்டச் சொன்னாள். சண்டை ஓயவில்லை, ஆனால் குறைந்தது. டீச்சரிடம் போனால் ஒரு வழி கிடைக்கும் என்று சபையில் பேச்சு பரவியது.

அந்தத் தையில், திண்டிவனத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவந்த அன்புச்செல்வனுக்குக் கல்யாணம் ஆனது. மருமகள் பியூலா லேப் டெக்னீஷியன் படித்தவள், வல்லம் பக்கத்துப் பெண். டீச்சர் அவளை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. அடுப்படிக்குள்ளும் விட்டதில்லை. “நீ போய் உக்காரும்மா, நான் பாத்துக்கறேன்” என்பார். அவள் மடித்து வைத்த துணியைப் பிரித்துத் தன் பழக்கப்படி மறுபடி மடிப்பார். மருமகளை மகள் போல வைத்திருக்கிறோம் என்று மனதார நம்பினார். பியூலா வியாழக்கிழமைகளில் கதவோரம் உட்கார்ந்து கேட்பாள். ஒன்றும் பேசமாட்டாள்.

ஆடி மாதத்து வியாழன் ஒன்றில், மணமானவன் பெற்றோரைவிட்டு மனைவியோடு சேர்ந்து வாழவேண்டும் என்ற பகுதி வந்தது. ‘உங்கள் வீட்டில் சொல்ல முடியாமல் இருப்பது என்ன?’ என்பது கேள்வி. மீனம்பாள் தன் மருமகளைப் பற்றிப் புலம்பி முடித்ததும், டீச்சர் வழக்கம்போல, “பியூலா, நீ ஏதாவது சொல்றியாம்மா?” என்று கேட்டார். அவள் தலையாட்டி மறுப்பாள் என்றுதான் நினைத்தார்.

பியூலா தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“இந்த வீட்டுல நான் இன்னும் ஒரு டீ கூட போட்டதில்ல. அவரு திண்டிவனத்துல வீடு பாத்துட்டாரு, அத்தை. எனக்கும் அங்க ஒரு லேபுல வேலை கிடைச்சிருக்குது. உங்ககிட்ட சொல்ல அவருக்குப் பயம். தினமும் நாளைக்கு சொல்றேன், நாளைக்கு சொல்றேன்னு தள்றாரு.”

டீச்சர் வேதத்தை மூடினார். ஜெபத்தை ரெண்டே வரியில் முடித்தார். வந்தவர்களுக்குப் போட்டுவைத்த டீ அடுப்பிலேயே ஆறியது.

மகன் வேலை முடிந்து வந்ததும், “இன்னாடா, வீடு பாத்துட்டியாமே?” என்று கேட்டார்.

“மா, ஷிஃப்ட் முடிஞ்சு வர்றதுக்குள்ள பல நாள் கடைசி பஸ்ஸும் போயிடுது. அதான்…”

“எனக்கு முன்னாடி ஊருக்கே தெரியணுமா?”

அன்புச்செல்வன் தோள்பையோடு உள்ளறைக்குப் போய்விட்டான்.

அந்த வாரம் முழுக்க டீச்சர் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அங்கன்வாடியில் ஒரு குழந்தை, “டீச்சர் கோவமா இருக்கறாங்க” என்று ஆயாவிடம் போய்ச் சொன்னது. பியூலா சொன்னதைவிட, தான் கேட்டுத்தான் அவள் சொன்னாள் என்பது அவரை வருத்தியது. அடுத்த வியாழன் கூட்டம் இல்லை, தலைவலி என்று சொல்லி அனுப்பினார்.

ஆனாலும் மீனம்பாளும் வளர்மதியும் வந்துவிட்டார்கள். மீனம்பாள் கையில் சூடாகப் போண்டாப் பொட்டலம்.

“தலைவலின்னாங்க. பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்.”

“தலைவலி இல்ல மீனம்பாக்கா” என்றார் டீச்சர்.

“தெரியும். என் மருமவ என்கூட பேசி ரெண்டு வருசம் ஆவுது. என் வாய் பண்ண வேலை. நீ அவ்ளோ தூரம் போவல, டீச்சர். போவாத.”

வளர்மதி பாயை விரித்தாள். “இன்னிக்கு நான் படிக்கிறேன். நீங்க சும்மா உக்காருங்க” என்றாள். எழுத்துக்கூட்டித் தடுமாறிப் படித்தாள். கேள்விக்கு வந்ததும் டீச்சரைத்தான் பார்த்தாள். “எது மாறிடும்னு உங்களுக்குப் பயமா இருக்குது, டீச்சர்?”

இத்தனை நாள் அந்தக் கேள்விகளைக் கேட்டவர் அவர். பதில் சொல்லும் இடத்தில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. புடவை முந்தியைத் திருகிக்கொண்டே சொன்னார்.

“சாயந்தரம்தான். அவரு போன அன்னிலேருந்து இவன் வர்ற சத்தத்துக்குக் காத்துக்கிட்டே பழகிட்டேன். செருப்பு சத்தம் கேட்டா சோறு போடுவேன். நாளைக்கு எந்த சத்தத்துக்குக் காத்திருப்பேன்? அதான் பயம். பியூலா மேல ஒண்ணும் இல்ல.”

உள்ளறையிலிருந்து பியூலா வந்து அவர் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். “இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே, அத்தை. உங்களுக்கு என்னைப் பிடிக்கலன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.”

“பிடிக்காமலா உன்னை ஒரு வேலை செய்ய விடல?”

“அதான் அப்படி நினைச்சேன்” என்றாள் பியூலா. மீனம்பாள் சத்தமாகச் சிரித்தாள். பிறகு டீச்சருக்கும் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. அன்று ஜெபத்தை வளர்மதியே செய்தாள். நடுவில் வார்த்தை கிடைக்காமல் நின்றாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஆவணியில் மினி வேன் வைத்துச் சாமான் ஏற்றினார்கள். டீச்சரும் திண்டிவனம் போனார். புது வீட்டில் பியூலா மிளகாய்த்தூளை அடுப்புக்கு மேலே, நீராவி படும் இடத்தில் வைத்தாள். கட்டி பிடித்துவிடும் என்று டீச்சரின் வாய் வரை வந்துவிட்டது. அவர் வாசலுக்குப் போய் ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் தண்ணீர் எப்போது வரும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மகன் பஸ் ஏற்றிவிட வந்தான். “மா, ஞாயித்துக்கிழமை வர்றோம்” என்றான். “முடிஞ்சா வாங்க. முடியலன்னா ஒரு போன் பண்ணுங்க, போதும்” என்றார்.

முதல் சில நாட்கள் கஷ்டமாகத்தான் இருந்தது. கைப்பழக்கத்தில் மூன்று பேருக்கு உலை வைத்தார். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் சாப்பிட்டார். பிறகு போதகரிடம் போய், பிள்ளைகளைப் பிரிந்து இருக்கும் தாய்மாருக்குத் தனியாக ஒரு பாடம் வேண்டும் என்று கேட்டார். “நீங்களே நடத்துங்களேன்” என்றார் போதகர். “நடத்தறேன். ஆனா இந்தத் தடவை கேள்விக்கு முதல்ல நான்தான் பதில் சொல்வேன்” என்றார் டீச்சர்.

அந்தப் பாடம் தொடங்கிய வியாழக்கிழமை எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். செருப்பு விட வாசலில் இடமில்லை. பாட்டு பாடிக்கொண்டிருக்கும்போது லேப் வேலை முடித்துத் திண்டிவனம் பஸ்ஸில் வந்து இறங்கிய பியூலா, வியர்வையைத் துடைத்துக்கொண்டே உள்ளே நுழைந்தாள்.

“நீ எதுக்கும்மா இவ்ளோ தூரம்? உனக்கு இந்தப் பாடம் இல்லையே” என்றார் டீச்சர்.

“தெரியும் அத்தை. அம்மாங்க இன்னா நினைக்கிறாங்கன்னு யாராச்சும் கேட்டு வைக்கணும் இல்ல” என்று சொல்லிவிட்டு, மீனம்பாளை நகரச் சொல்லி உட்கார்ந்தாள்.