பதினேழு பேருக்காக அக்கா எழுதியது

என் அக்காவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதி கெட்டவள் யாரும் கிடையாது. ஆனால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. அதனால் நானே எழுதித் தொலைக்கிறேன்.

அக்கா முப்பத்தோரு வருடம் ஒரு பாலே நடனப் பள்ளியில் பியானோ வாசித்தாள். மேடையில் இல்லை, வகுப்பில். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, மரத்தரை, மூலையில் வார்னிஷ் உரிந்த பியானோ, அதற்குப் பின்னால் தலை மட்டும் தெரிகிற அக்கா. டீச்சர் கையைத் தட்டினால் நிறுத்த வேண்டும். "முதல்லேருந்து" என்றால் முதலிலிருந்து. ஆகஸ்ட் பிறந்துவிட்டால் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு ஒத்திகை. நூறு வருடத்துக்கு முன்னால் பெரிய ஆர்கெஸ்ட்ராக்களுக்கென்று எழுதப்பட்ட பண்டிகைக்கால இசை அது. நடனங்கள், அணிவகுப்புகள், தேவாலயத்துக் கோரஸ்கள். அதை எட்டு எட்டு எண்ணிக்கையாக நறுக்கி, பிள்ளைகளின் கால் மேலே போகும்வரை காத்திருந்து, கால் இறங்கியதும் தொடர வேண்டும். அந்த இசையின் எலும்புகூட அக்காவுக்குத் தெரியும்.

எங்கள் இருவரையும் சின்ன வயதில் ஒரே வாத்தியாரம்மாவிடம்தான் அனுப்பினார்கள். ஆறே மாதத்தில் என்னை நிறுத்திவிட்டார்கள். "பெரியவளுக்குக் காது இருக்கு. சின்னவளுக்கு வாய்தான் இருக்கு" என்று வாத்தியாரம்மா அப்பாவிடம் சொன்னதை வீட்டில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய?

ஒருநாள் ஒத்திகையில் சலிப்புத் தாங்காமல் அக்கா இடது கையை ஜாஸ் தாளத்தில் விட்டுவிட்டாளாம். டீச்சர் ஓடி வந்து, "என்ன வாசிக்கறீங்க? பிள்ளைங்க எல்லாம் இடுப்பை ஆட்டுதுங்க!" என்று கத்தினாராம். "கை வழுக்கிடுச்சு டீச்சர்" என்று சமாளித்துவிட்டு, அன்று மாலை எங்கள் வீட்டுக்கு வந்து அதை நடித்துக் காட்டினாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. என் கணவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் எங்கள் வீட்டுப் பியானோவின் மூடியைத் திறந்தார். "அதை இன்னொரு தரம் வாசிங்கக்கா" என்றார்.

அவர் பதினேழு பேர் கொண்ட ஜாஸ் பேண்டு ஒன்றின் தலைவர். நாலு டிரம்பெட், நாலு டிராம்போன், ஐந்து சாக்ஸபோன், பியானோ, பாஸ், கிட்டார், டிரம்ஸ். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நிற்பார். அழகாக நிற்பார், அதை மறைப்பானேன். டிசம்பர் மாதம் முழுக்க ஒரு பெரிய ஓட்டலில் பிற்பகல் நடனத்துக்கு இவர்கள்தான். நிற்க வந்த அளவுக்கு அவருக்கு எழுத வரவில்லை. முப்பது வயலின் வாசித்ததை ஐந்து சாக்ஸபோனுக்குப் பங்கிடுவது, யார் எப்போது நுழைவது, யார் எப்போது வாயை மூடிக்கொண்டு உட்காருவது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தாளில் எழுதுவது, அதுதான் இசைக்கோர்ப்பு. பாட்டைத் துள்ளவிட்டால் மட்டும் போதாது.

அந்த வருடத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா எங்கள் சாப்பாட்டு மேசையில் எழுதினாள். அதே கிறிஸ்துமஸ் இசையை ஜாஸுக்கு மாற்றி, எட்டு வருடத்தில் பதினொரு பாட்டு. நான் பாத்திரம் கழுவிக்கொண்டே பார்ப்பேன். பேனாவை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். எதிரில் வீடே எரிந்தாலும் தெரியாது. "என்னடி கேட்ட?" என்பாள் கால் மணி நேரம் கழித்து. நான் ஒன்றும் கேட்டிருக்க மாட்டேன்.

தாளின் தலையில் 'இரண்டாம் டிரம்பெட்' என்று அவள் எழுத மாட்டாள். 'பல்செட்' என்று எழுதுவாள். அந்த மனிதருக்கு மேல்வரிசை கட்டிய பல். உச்ச ஸ்வரம் வருவதற்கு முன்னால் நாக்கால் அதை அழுத்திவிட்டுக்கொள்ள நேரம் வேண்டும் என்று அங்கே சின்ன இடைவெளி விடுவாள். ஒத்திகைக்குப் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் குறித்துக்கொண்டு வருவாள். அவள் டிராம்போனுக்கு எழுதவில்லை, டிராம்போன் வாசிக்கிற ஆளுக்கு எழுதினாள்.

மூன்றாம் டிராம்போன், பகலில் பஸ் ஓட்டுகிறவர். எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். எப்போதும் அரை எண்ணிக்கை தாமதமாகத்தான் நுழைவார். என் கணவர் திட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. அக்கா அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருடைய தனி வரியைத் தாளில் அரை எண்ணிக்கை முன்னால் தள்ளி எழுதிவிட்டாள். அவர் வழக்கம்போலத் தாமதமாக நுழைய, வரி கச்சிதமாக இடத்தில் வந்து உட்கார்ந்தது. நடனமாடுகிறவர்கள் அந்த இடத்தில் நின்று கைதட்டுவார்கள். மனிதருக்குத் தான் திருந்திவிட்டதாகவே நினைப்பு.

முதல் பக்கத்தில் 'இசைக்கோர்ப்பு' என்று போட்டு என் கணவர் பெயர் இருக்கும். "பேண்டுன்னா ஒரு முகம் வேணும்லக்கா" என்பார். "என் பேரைப் போட்டுத் தொலைச்சிடாதீங்க மாப்பிள்ளை, டீச்சர் என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க" என்று அக்காவும் சிரிப்பாள். எட்டு வருடமும் அது வேடிக்கையாகவே போயிற்று.

ஒன்பதாவது வருடம் ஒரு இசைத்தட்டுக் கம்பெனி வந்தது. பதினொரு பாட்டையும் பதிவுசெய்து, கிறிஸ்துமஸுக்கு வெளியிட வேண்டுமாம். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா பேனாவைத் திறக்கவே இல்லை. மேசையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மாப்பிள்ளை, அட்டையில என் பேரு வரணும்."

இவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அதுக்கென்னக்கா, போட்டாப் போச்சு" என்றார். அத்தனை சுலபமாகச் சொன்னாரென்றால் செய்யப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். பதினைந்து வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு இதுகூடத் தெரியாதா? அக்காவுக்குத் தெரியவில்லை. போகும்போது வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐம்பத்திரண்டு வயசுல இப்படி ஒரு ஆசை. சிரிக்காதடி" என்றாள்.

பதிவு நாள் காலை பத்து மணிக்கு ஸ்டூடியோவுக்குப் போனோம். அக்கா இருப்பதிலேயே நல்ல உடுப்பைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். உள்ளே நுழைந்ததும் அவள் முகம் மாறியது. நாற்காலிகளில் பாதிப் பேர் புது ஆட்கள். பல்செட் இல்லை, டிரைவர் இல்லை. கம்பெனி தன்னுடைய ஆட்களைப் போட வேண்டும் என்றிருக்கிறது, இவரும் காதும் காதும் வைத்தாற்போல் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறார்.

"ஏன் மாப்பிள்ளை எங்கிட்ட சொல்லல?"

"எல்லாம் பெரிய கைங்கக்கா. பார்த்தா வாசிச்சிட்டுப் போயிடுவாங்க."

அதுதான் வினை. பார்த்ததை அப்படியே வாசித்தார்கள். "இதுல 'டிரைவர்'னு போட்டிருக்கே, நான் எதை ஓட்டணும்?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்த புது டிராம்போன்காரர், எழுதியிருந்த இடத்தில் பிசகாமல் நுழைந்தார். அரை எண்ணிக்கை முன்னால். டிரம்ஸ் தடுமாறியது, சாக்ஸபோன்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. இரண்டாம் தரமும் அப்படியே. மூன்றாம் தரம் கம்பெனிக்காரர் கண்ணாடி அறையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். கையில் அட்டைக்கான படிவம், அதில் இசைக்கோர்ப்பு என்ற வரி இன்னும் காலி.

"சார், இந்த எடத்துல என்ன எழுதியிருக்கீங்க? பச்சைத் தப்பா இருக்கே?"

என் கணவர் பதினேழு பேர் வரியும் சேர்ந்திருந்த ஸ்கோரைப் பார்த்தார். திருதிருவென்று விழித்தார். அதில் ஏன் அப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று எட்டு வருடத்தில் ஒருநாளும் தோன்றியதில்லை.

"நான் எழுதினது சரியாத்தான் இருக்கும். காப்பி எடுக்கறப்போ தப்பு பண்ணியிருக்காங்க."

"காப்பி யாரு எடுத்தா?"

இவர் அக்கா இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

அக்கா எழுந்தாள். "அது தப்பு இல்லீங்க. இந்த வரியை வாசிக்கிறவரு எப்பவும் கொஞ்சம் லேட்டா வருவாரு. அவருக்காக நான்தான் தள்ளி எழுதினேன்." பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள் போலச் சொன்னாள்.

"நீங்க எழுதினீங்களா?" கம்பெனிக்காரர் இவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க வீட்டு ஆளு. நீங்களே சொல்லுங்கம்மா. இதையெல்லாம் யாரு எழுதறது?"

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். இவர் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கவலையே இல்லை. நான் இருக்கிறேன் அல்லவா.

"அவருதான் எழுதுவாரு. அக்கா பார்த்துப் பார்த்துக் காப்பி எடுத்துக் குடுப்பா. அவ கையெழுத்து முத்து முத்தா இருக்கும்" என்றேன்.

கம்பெனிக்காரர் படிவத்தை நிரப்பினார். அவ்வளவுதான். பத்து வினாடி ஆகியிருக்காது.

அக்கா வாதாடவில்லை. பென்சிலையும் ரப்பரையும் எடுத்துக்கொண்டு புது டிராம்போன்காரரிடம் போனாள். அந்த வரியை அழித்து அரை எண்ணிக்கை பின்னால் எழுதினாள். அதோடு கிளம்பியிருக்கலாம். கிளம்பியிருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். ஆனால் கேட்கச் சகிக்காத சத்தத்தை விட்டுவிட்டுப் போக அவளால் முடியவில்லை. ஒவ்வொரு நாற்காலியாகப் போய், "மூச்சு எங்க எடுப்பீங்க? உச்சத்துல கஷ்டமா இருக்குமா?" என்று கேட்டு, முன்பின் தெரியாத ஆட்களுக்காகப் பதினொரு பாட்டையும் திருத்திக்கொடுத்தாள். மாலை ஐந்து மணிக்குப் பதிவு முடிந்தபோது கம்பெனிக்காரர் அசந்துபோனார். "இப்படி ஒரு காப்பி எடுக்கறவங்க எங்களுக்குக் கெடைக்க மாட்டேங்கறாங்களே சார்!" என்று இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இசைத்தட்டு சக்கைப்போடு போட்டது. முன்பக்கம் வெள்ளைக் கோட்டில் இவர். பின்பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் 'ஒத்துழைத்த குடும்பத்தாருக்கு நன்றி'. அது நானும் அக்காவும். டிசம்பர் வந்தால் துணிக்கடை, பல் டாக்டர் அறை, லிஃப்ட் என்று எங்கே போனாலும் விரட்டி விரட்டிக் கேட்கும்.

அதற்குப்பின் அக்கா ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. சண்டை இல்லை, சத்தம் இல்லை. கூப்பிட்டால், "உடம்பு அசதியா இருக்குடி" என்பாள். இவர் பன்னிரண்டாவது பாட்டைத் தானே எழுதினார். முதல் ஒத்திகையில் டிரம்ஸ்காரர், "என்ன சார், உங்க பழைய கை எங்க போச்சு?" என்று கேட்க, மற்றவர்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள். பல்செட் எழுந்து வெளியே போனவர் திரும்பவில்லை. ஸ்டூடியோவில் நடந்ததை நானாக யாரிடமும் சொல்லவில்லை. விஷயம் தெரிந்து கேட்ட ஓரிருவரிடம், "அன்னைக்கு நான் வேற மாதிரி சொல்லியிருந்தா வீட்டுல இருக்க முடியுமா?" என்றேன். அவர்களும் உச் கொட்டினார்கள்.

மூன்று வருடம் கழித்துக் கம்பெனி இன்னொரு தட்டுக் கேட்டது. "போய் உங்க அக்காவைக் கூட்டிட்டு வா. இந்தத் தடவை பேரு போட்டுடறேன்" என்றார் இவர். தாஜா பண்ண என்னைத்தான் அனுப்புகிறார், வெட்கங்கெட்ட மனிதர். போனேனே, நான் மட்டும் என்ன?

இரண்டு வகுப்புகளுக்கு நடுவே நடனப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தேன். காலியான கூடத்தில் அக்கா பியானோமேல் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது.

"அவரு அனுப்பினாரா?"

"அவரும் அனுப்பினாரு. நானாவும்தான் வந்தேன். அன்னைக்கு நான் சொன்னது தப்புக்கா."

"விடுடி." தாள்களைத் தட்டி ஒழுங்கு செய்தாள். "எனக்குத் தெரியாதா? எனக்காகப் பேசியிருந்தா வீட்டுல உன்னை வாழவிட்டிருப்பாரா? பயந்துட்ட. உன் நெலமையில யாரா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாங்க. நான் அதை எப்பவோ விட்டுட்டேன்."

அந்த இடத்தில் நான் அழுதிருக்க வேண்டும். அழுதுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் எல்லாம் சரியாகிப் போயிருக்கும். ஆனால் அவள் அத்தனை நல்லவளாக நின்றது எனக்குத் தாங்கவில்லை.

"பயம் இல்லக்கா."

"பின்னே?"

"உன்னைக் காப்பி எடுக்கறவள்னு கை காட்டினாரு பாரு. அப்போ எனக்கு நல்லா இருந்துச்சு. கடைசியில நீயும் சாதாரணமான ஆளாயிட்டேன்னு இருந்துச்சு. அதான் நானும் சேர்ந்து சொன்னேன்."

அக்காவின் கை நின்றது. என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு அது போதும்.

"பயந்தேன்னே சொல்லியிருக்கலாமேடி," என்றாள். "நான் அதை நம்பிக்கிட்டு நிம்மதியா இருந்தேன்."

பிள்ளைகள் திபுதிபுவென்று உள்ளே ஓடி வந்தார்கள். பின்னாலேயே வந்த டீச்சர் என்னைப் பார்த்துவிட்டு, "இவங்க யாரு?" என்று அக்காவிடம் கேட்டார்.

"தெரிஞ்சவங்க டீச்சர். கெளம்பிட்டாங்க" என்று சொல்லிவிட்டு அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.