பொதுக்குழியில் ஓர் உபதேசியார்

மட்டாஞ்சேரியில் குடிக்கிற தண்ணீர் ரோஜா நிறத்தில் இருக்கும், கையைச் சுடும். சித்திரை வெயிலில் நாக்கு வறண்டு சாயாக்கடையில் போய் உட்கார்ந்தாலும் ஆவி பறக்கிற டம்ளரைத்தான் முன்னால் வைப்பார்கள். ஏதோ மரப்பட்டையைப் போட்டுக் கொதிக்க வைப்பார்களாம், உடம்புக்கு நல்லதாம். வந்த புதிதில் நான் அதை மருந்து என்று நினைத்து, "எனக்குச் சீக்கு ஒண்ணும் இல்ல, பச்சத்தண்ணி தாங்க" என்று கேட்டேன். கடைக்காரச் சேட்டன் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, அதைவிடச் சூடாக இன்னொரு டம்ளர் கொண்டுவந்து வைத்தார். என் வீட்டுக்காரரோ முதல் நாளே மடமடவென்று குடித்துவிட்டு, "நல்லாத்தான இருக்கு" என்றார். அவருக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும். அந்தக் குணத்தோடு குடித்தனம் நடத்தி அல்லாடியது நான்.

திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். ஒரு ராத்திரி ரயில் தூரம். இதைப் போய் அந்நிய தேசம் என்கிறாளே என்று ஊரில் இருப்பவர்கள் சிரிக்கலாம்; கனடாவிலும் வளைகுடாவிலும் இருந்து படிப்பவர்கள் இன்னும் சத்தமாகவே சிரிக்கலாம். பேருந்தின் பெயர்ப்பலகையை வாசிக்கத் தெரியாமல் இடப்பள்ளிக்குப் போகிற வண்டியில் ஏறிவிட்டு, போர்ட் கொச்சிக்கு எப்படித் திரும்புவது என்று கேட்க வாய் வராமல் அழுதவளுக்கு அது அந்நிய தேசம்தான். என் வீட்டுக்காரர் உபதேசியார். போதகர் பட்டமெல்லாம் கிடையாது. சந்தையில் மூட்டை சுமக்கிற, கட்டட வேலை பார்க்கிற, ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிற நம் ஊர்க்காரர்களுக்கு ஊழியம் செய்யச் சொல்லி எங்கள் சபை அவரை அனுப்பியது. சுக்கு வாசனை அடிக்கிற ஒரு சரக்குக் கிட்டங்கிக்கு மேலே வாடகை அறை. ஞாயிறு காலை ஆராதனை. மதியம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து. இங்கே பிறந்த பிள்ளைகள் மலையாளத்தில் கடகடவென்று வாசிப்பார்கள், தமிழ் பைபிளைப் பிரித்தால் முழிப்பார்கள். அந்த வகுப்பு என் பொறுப்பு. அதனால் தெருவுக்கே நான் டீச்சர் ஆனேன். ஒரு வருஷத்துக்கென்று வந்தோம். ஊழியத்தில் ஒரு வருஷம் எப்படி நீளும் என்பது ஊழியக்காரர் பெண்டாட்டிமாருக்குத் தெரியும்.

அவருக்குப் பிடித்த பிரசங்கம் மனரம்மியம். எந்த நிலைமையிலும் போதும் என்று இருக்கப் பழகுவது. மழைக்காலத்தில் துணி காயவே காயாது. பத்து நாள் ஈர வாடையோடு சேலை கட்டிக்கொண்டு நான் மூக்கைச் சிந்தினால், "ஈரத்தோடயே கட்டிக்கோ ஜெயா, வெளிய போனா எப்படியும் நனையத்தான போற" என்பார். கோபத்தில் கரண்டியை வீசியிருக்கிறேன். அதையும் எடுத்துக் கழுவி வைத்துவிட்டு மறுநாள் மனரம்மியம் பற்றிப் பேசப் போவார். சிரிக்காமல் என்ன செய்வது.

எங்கள் பக்கத்துக் கோயில் தோட்டங்களில் வெள்ளைக்கார மிஷனரிகளின் கல்லறைகள் உண்டு. கடல் தாண்டி வந்து, காய்ச்சலில் செத்து, அங்கேயே அடக்கமானவர்கள். அவர்கள் பெயரைச் சரியாகச் சொல்லக்கூடத் தெரியாத ஊர், வருஷம் தவறாமல் அந்தக் கல்லறைகளுக்கு வெள்ளை அடித்துப் பூ வைக்கும். சிறுவயதில் அதைப் பார்த்து வளர்ந்த மனுஷன் இவர். "அவங்க நம்ம மண்ணுல கிடக்காங்க. நான் மட்டும் ஆம்புலன்ஸ்ல ஊருக்குத் திரும்பிப் போகணுமா? என்னைய இங்கயே வச்சிரு" என்று பலமுறை சொல்லியிருந்தார். ஓர் ஆடி மாத மழையில், சபையார் வீடு சந்திக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எங்கள் ஒரே மகன் ஜெபசிங், ஊரிலிருந்து ஐஸ் பெட்டி வைத்த ஆம்புலன்ஸோடு வந்து இறங்கினான். தாத்தா பக்கத்தில் குழி வெட்டியாயிற்று என்றான். நான் மாட்டேன் என்றேன். பிரேதத்தை நடுவில் வைத்துக்கொண்டு தாயும் மகனும் சண்டை போட்டோம். அவருக்கு நான் கடைசியாகச் செய்யக்கூடியது அது ஒன்றுதான் என்று விடாப்பிடியாக நின்றேன். அவன் வெறும் ஆம்புலன்ஸில் திரும்பிப் போனான். அதன்பிறகு போனில் பேசுவான். சாப்பிட்டியளா, மாத்திரை போட்டியளா, அவ்வளவுதான்.

எங்கள் ஜெப அறைக்கு ஏது கல்லறைத் தோட்டம்? பக்கத்து வீட்டு ரோசிச் சேச்சி அவர்கள் கோயில் பாதிரியாரான அச்சனிடம் போய்ப் பேசினார். சபை வேறு என்று பார்க்காமல் அந்த அச்சன் இடக்கொச்சிப் பக்கம் இருக்கிற அவர்கள் தோட்டத்தில் இடம் தந்தார். அந்த நன்றியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சிமெண்டில் சிலுவை கட்டட்டுமா என்று கோயில் பணியாள் கப்பியாரிடம் கேட்டேன். "சிமெண்டு வேண்டா டீச்சரே, மரம் மதி" என்றார். மரமே போதுமாம். விதவையின் கைச்செலவைப் பார்க்கிற நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். ஊரில் எல்லாரும் திரும்பி வா என்றபோது, இவரை யாரிடம் விட்டுவிட்டு வர என்று கேட்டேன். மாதம் ஒரு தடவை பஸ் ஏறிப் போய், களை பிடுங்கிவிட்டு, அந்த மாதத்துச் சண்டைகளை எல்லாம் அவரிடம் சொல்லிவிட்டு வருவேன்.

போன கோடை மழையில் முட்டுவலிக் காய்ச்சல் வந்து மூன்று மாதம் படுத்துவிட்டேன். அப்போதுதான் ஜெபசிங் போன் பண்ணினான். பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான், அப்பாவின் நினைவு நாளுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றான். அவன் குரலில் பழைய மகனைக் கேட்டேன். எழுந்த வேகத்தில் சுண்ணாம்பும் மட்டையும் வாங்கிக்கொண்டு, எங்கள் ஊர் வழக்கப்படி வெள்ளை அடிக்க இடக்கொச்சிக்குப் போனேன். அவர் இருந்த இடத்தில் ஈரமாக ஒரு புது மேடு. மேலே வாடாத மலர்வளையம். புது மரச்சிலுவையில் யாரோ ஒரு பெண்ணின் பெயர்.

இடம் மாறி வந்துவிட்டேன் என்று மதில் ஓரமாக எண்ணிக்கொண்டே போய்ப் பார்த்தேன். மாறவில்லை. கப்பியார் ஓடிவந்தார். "குடும்பக் கல்லற இல்லாத்தவர்க்கு இதாணு பதிவு. குறச்சு கொல்லம் கழிஞ்ஞால் குழி துறக்கும், அஸ்தி அவிடெ இடும்" என்று தோட்டத்து மூலையைக் காட்டினார். அங்கே காங்கிரீட் மூடி போட்ட ஒரு கிணறு மாதிரி இருந்தது. எலும்புக்குழி. இடம் நெருக்கடியான ஊர். சொந்தக் கல்லறை இல்லாதவர்களை மண்ணில் வைப்பது கொஞ்ச வருஷத்துக்குத்தான், பிறகு எலும்பை எடுத்து எல்லாரோடும் சேர்த்துவிட்டு அடுத்தவருக்கு இடம் கொடுப்பார்களாம். ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரிந்த வழக்கம் என்பதால் எனக்குச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் பக்கம் புதைத்தால் புதைத்ததுதான், நியாயத்தீர்ப்பு வரைக்கும் கை வைக்க மாட்டார்கள் என்பதால் எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

சுண்ணாம்பு வாளியோடு வீட்டுக்கு வந்து ரோசிச் சேச்சியின் வாசலில் உட்கார்ந்து கத்தி அழுதேன். அந்த அம்மா பதறிப்போனார். "டீச்சர்க்கு அறியாமென்னல்லே ஞான் விசாரிச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்குத் தெரியும் என்றல்லவா நினைத்திருந்தாராம். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்றெ அப்பச்சனும் அவிடெத்தன்னெயா டீச்சரே. அம்மச்சியும்" என்றார். அவருடைய அப்பா அம்மாவும் அதே குழியில்தானாம். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அப்போது ஆறவில்லை. ஆண்டவரிடம் கேட்கக்கூடாததை எல்லாம் கேட்டேன். உமக்காக வந்தவருக்கு ஆறடி மண்ணை விட்டுவைக்கக் கூடாதா என்று கேட்டேன்.

மகனிடம் போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. அவன் காரில் வந்தான்; மனைவி, பேரன், பின்னால் சாக்குச் சுற்றி ஒரு கறுப்புக் கிரானைட் கல். அப்பாவுக்காக ஊரில் செதுக்கியதாம். தோட்டத்து வாசலில் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். அவன் மூலைக்கு நடந்து போய், அந்தக் காங்கிரீட் மூடியைச் சுற்றி வந்தான்.

"இதுல அப்பா எந்தப் பக்கம்மா?"

"தெரியாதுய்யா."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து அப்படியே குனிந்து நின்றான். பேரன் பக்கத்தில் போய் அதே மாதிரி கையை வைத்தான். கிரானைட்டை அங்கே வைக்கலாமா என்று கேட்டதற்கு, ஒருவருடைய பெயரை மட்டும் வைக்க வழியில்லை என்று கப்பியார் வருத்தத்தோடு சொன்னார். காருக்குத் திரும்பும்போது ஜெபசிங் கேட்டான்:

"அப்பாவ விட்டுட்டு வரமாட்டேன்னு சொன்னிய. இப்ப அப்பாவும் இல்ல. இங்க உங்களுக்கு என்னதான்மா இருக்கு? கிளம்புங்க."

இத்தனை வருஷமும் அந்த மேடுதான் என் பதில். அது போன பிறகு நானும் பெட்டியைக் கட்டிவிடுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"ஞாயித்துக்கிழமை பிள்ளைங்க படிக்க வந்துருவாங்கய்யா. கிட்டங்கி மாடிச் சாவி எங்கிட்டதான் இருக்கு."

அவன் என்னைப் பார்த்தான். பார்த்த கண்ணில் என் மேல் இருந்த பழைய கோபம் கொஞ்சமும், அப்பாவின் சாயல் முழுசும் இருந்தது. கல்லோடு கிளம்பிப் போனான். கார் பாலம் ஏறும்வரை பேரன் பின் கண்ணாடியில் கையாட்டினான். ஓடிப்போய் ஏறிக்கொள்ளலாம் போல இருந்தது.

மனரம்மியம் எனக்கு வந்துவிட்டதா என்று கேட்டால், அரை வயிற்றுச் சோறு போல வந்திருக்கிறது. பசி அடங்கவில்லை, மயக்கம் இல்லை. வகுப்பில் ஒரு பிள்ளை தட்டுத்தடுமாறி ஒரு வசனத்தை வாசித்து முடிக்கும்போது, போதும் என்றிருக்கிறது. சாயங்காலம் கதவைச் சாத்தும்போது போதவில்லை. வெள்ளைக்கார மிஷனரிகள்கூட எங்கள் ஊரில் தனிக் கல்லறையில், தங்கள் பெயரோடுதான் கிடக்கிறார்கள். இவர் இந்த ஊர் மீன்காரர்களோடும் தையல்காரர்களோடும் பிரிக்க முடியாமல் கலந்துவிட்டார். அவர் கேட்டால், "நல்லாத்தான இருக்கு" என்பார். என்னால் இன்னும் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் போன வாரம் அச்சனிடம் போய், என் காலத்துக்குப் பிறகு என்னையும் அந்தக் குழியிலேயே சேர்க்க வேண்டும் என்று கேட்டு, சம்மதம் வாங்கிக்கொண்டு வந்தேன். மகனிடம் இன்னும் சொல்லவில்லை.

நேற்று ஜெபசிங் போனில் ஒரு படம் அனுப்பினான். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், தாத்தா பக்கத்தில், அடியில் யாரும் இல்லாத சிவப்பு மண்ணில் கல்லை நட்டுவிட்டான். மேல் பாதியில் அவன் அப்பா பெயர். கீழ் பாதி எழுத்தில்லாமல் பளபளவென்று இருக்கிறது. "இது உங்களுக்கும்மா" என்று எழுதியிருந்தான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் பெயர் வர வேண்டிய இடத்தின் பளபளப்பில், போனைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கிற என் மகன் தெரிந்தான்.